லிசா முர்கோவ்ஸ்கி 2017-ல் எதிர்த்தார், 2025-ல் ஆதரித்தார்: அவருடைய ஓட்டுகளை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கியைப் பற்றி உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் சுற்றுகின்றன. ஒன்று, ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரைக் காப்பாற்றிய மூன்று பேரில் ஒருவர் என்று அவரைப் பாராட்டுகிறது. இன்னொன்று, பணக்காரர்களுக்கு வரியைக் குறைத்து ஏழைகளின் வைத்தியத்திலும் சாப்பாட்டிலும் கை வைத்தவர் என்கிறது. இதில் எது பொய் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே பொய் இல்லை. ஒருவர் போட்ட ஓட்டுகளை வைத்து அவர் யார் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று நினைக்கிறேன். ஓரளவு முடியும். ஆனால் அது எந்த ஓட்டு, எப்போது போட்டது, அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க சுகாதார, நலத்திட்ட மசோதாக்களையும் அவற்றின் செலவுக் கணக்குகளையும் படித்து விளக்குவது பல வருடங்களாக என் பிழைப்பு. இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தனி உறுப்பினரின் ஓட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பது சட்டென்று பிடிபடாது. நம் நாடாளுமன்றத்தில் கொறடா உத்தரவு வந்தால் அதன்படிதான் ஓட்டு, மீறினால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம், பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்தும்விடும். செனட்டில் பெரிய மசோதாக்களுக்கு ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஓட்டு பதிவாகிறது. கட்சியை மீறினால் தலைமை கோபப்படும், அடுத்த தேர்தலில் கட்சிக்குள்ளேயே போட்டி கிளம்பும், ஆனால் பதவி போகாது. முர்கோவ்ஸ்கி அந்தப் போட்டியையும் தாண்டி வந்தவர். 2010-ல் சொந்தக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்றார், அப்புறம் வாக்குச்சீட்டில் பெயரே அச்சாகாத நிலையில் மக்கள் கையால் அவர் பெயரை எழுதி ஜெயிக்கவைத்தார்கள். அதனால் அவருடைய ஓட்டுகளைக் கட்சியின் கட்டளை என்று எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

மருத்துவத்தில் தொடங்குவோம். ஒபாமாகேர் சட்டம் 2009 டிசம்பர் 24 காலையில் செனட்டில் 60-39 என்று நிறைவேறியபோது முர்கோவ்ஸ்கி எதிர்த்து ஓட்டுப் போட்டார். 2015 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்கும் மசோதா 52-47 என்று நிறைவேறியது, அதை ஆதரித்தார். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்கியதையே இரண்டு வருடத்தில் முடிவுக்குக் கொண்டுவரும் மசோதா அது. அதே வருடம் செப்டம்பரில்தான் அலாஸ்கா அந்த விரிவாக்கத்தைத் தொடங்கியிருந்தது! ஆனால் ஒபாமா வீட்டோ செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும், 2016 ஜனவரியில் செய்தும்விட்டார். அந்த ஓட்டால் யாருடைய காப்பீடும் போகவில்லை.

2017-ல் நிலைமை தலைகீழ். ட்ரம்ப் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார், இப்போது ஓட்டுப் போட்டால் அது நடந்துவிடும். அலாஸ்காவில் தனியாகக் காப்பீடு வாங்குகிறவர்களுக்கு அப்போது சந்தையில் இருந்தது ஒரே ஒரு நிறுவனம், பிரீமியமோ நாட்டிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. ஜூலை 25-ல் ஒபாமாகேரை நீக்கும் மசோதாவை விவாதத்துக்கு எடுக்கலாமா என்ற முதல் ஓட்டிலேயே முர்கோவ்ஸ்கியும் மெய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸும் எதிர்த்தார்கள். 50-50 ஆகி, துணை ஜனாதிபதி பென்ஸ் ஓட்டுப் போட்டுத்தான் விவாதமே தொடங்கியது. மறுநாள் 2015 மசோதாவைப் பெரும்பாலும் ஒத்த ஒரு வடிவம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஆம் என்றவர் இப்போது இல்லை என்றார், அது 45-55 என்று தோற்றது. ஜூலை 28 அதிகாலையில், சுருக்கப்பட்ட கடைசி வடிவம் 49-51 என்று விழுந்தது. எதிர்த்த மூன்றாவது குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டிய காட்சிதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் முர்கோவ்ஸ்கியும் காலின்ஸும் வாசலிலிருந்தே மறுத்து நின்றதால்தான் மெக்கெய்னின் ஓட்டுக்கு அந்த எடை வந்தது. முதல் படம் சொல்வது இதைத்தான், அந்தப் பாராட்டு அவருக்கு உரியது.

அந்தப் படம் சொல்லாத ஒன்று ஐந்தே மாதத்தில் நடந்தது. 2017 டிசம்பரில் ட்ரம்பின் வரிச் சட்டம் 51-48 என்று நிறைவேறியது, முர்கோவ்ஸ்கி ஆதரித்தார். நிறுவன வரி 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக நிரந்தரமாகக் குறைந்தது, தனிநபர் வரிக் குறைப்புகளுக்கு 2025 கடைசி வரை கெடு. அந்த வரிச் சட்டத்துக்குள்ளேயே, காப்பீடு எடுக்காதவர்களுக்கான அபராதம் 2019 முதல் பூஜ்யம் என்று ஒரு பிரிவு இருந்தது. ஜூலையில் தோற்ற மசோதாவின் மையமே இந்த அபராத நீக்கம்தான். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மசோதாக்களின் செலவைக் கணக்குப் போட்டுத் தரும் காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம், ஜூலை மசோதாவால் 1.6 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று கணித்தது, அபராதத்தை மட்டும் நீக்கினாலே பத்து வருடத்தில் 1.3 கோடி என்றது. பின்னால் நடந்தது அந்தக் கணிப்பைவிட மிகக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்கவைப்பதை என்றைக்குமே ஏற்கவில்லை என்பது முர்கோவ்ஸ்கியின் விளக்கம், அவர் முன்பு பேசியதோடு அது ஒத்துப்போகிறது. கூடவே அலாஸ்காவின் வடகோடியில் உள்ள வனவிலங்குப் புகலிடத்தில் எண்ணெய் எடுக்க அனுமதிக்கும் பகுதியும் அதே சட்டத்தில் இருந்தது, அதை எழுதியது அவர் தலைமையில் இருந்த எரிசக்திக் குழு. அலாஸ்கா அரசியல்வாதிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த விஷயம். ஆக ஒரே ஓட்டில் வரி, மருத்துவம், எண்ணெய் மூன்றும் இருந்தன. வரிக்கு ஒரு மதிப்பெண், மருத்துவத்துக்கு ஒரு மதிப்பெண் என்று அட்டவணை போடும் அமைப்புகளை நான் அதிகம் நம்பாததற்கு இதுதான் காரணம். இந்த ஓட்டை எந்தக் கட்டத்தில் போடுவார்கள்?

அடுத்த சில வருடங்களை வேகமாகத் தாண்டுகிறேன். 2021 மார்ச்சில் பைடனின் கொரோனா நிவாரணச் சட்டம் 50-49 என்று வந்தது. குழந்தைகளுக்கான வரிச் சலுகை, ஒபாமாகேர் பிரீமியத்துக்குக் கூடுதல் மானியம், உணவு உதவியான ஸ்னாப் தொகையில் 15 சதவீத உயர்வின் நீட்டிப்பு எல்லாம் அதில் இருந்தன. அவர் எதிர்த்தார். 2022 ஆகஸ்டில் அந்த மானியத்தை 2025 வரை நீட்டிய சட்டத்தையும் கட்சியோடு சேர்ந்து எதிர்த்தார். ஆனால் அன்றைக்கே தனியார் காப்பீட்டிலும் இன்சுலின் விலைக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு வைக்கும் பிரிவைக் காப்பாற்ற ஆதரவாக ஓட்டுப் போட்ட ஏழு குடியரசுக் கட்சியினரில் அவரும் ஒருவர். செனட் விதிப்படி 60 ஓட்டு தேவைப்பட்ட இடத்தில் 57 கிடைத்து அது தோற்றது. 2023 ஜூனில் கடன் உச்சவரம்பு ஒப்பந்தத்தை ஆதரித்தார், 63-36. ஸ்னாப் வாங்கும், பிள்ளைகள் இல்லாத பெரியவர்களுக்கான வேலை நிபந்தனை 49 வயதிலிருந்து 54 வயது வரை நீண்டது அந்தச் சட்டத்தில்தான், அதே சமயம் வீடற்றவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் விலக்கு வந்ததும் அதில்தான்.

இப்போது 2025. இரண்டாவது படம் பேசுவது இந்த ஓட்டைப் பற்றி. ட்ரம்பின் பெரிய வரி, செலவு மசோதா ஜூலை 1 அன்று செனட்டில் 50-50 ஆனது, துணை ஜனாதிபதி வான்ஸ் ஓட்டோடு நிறைவேறியது. குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர்கள் காலின்ஸ், தாம் டில்லிஸ், ராண்ட் பால் மூவர். முர்கோவ்ஸ்கி ஆதரித்தார். அவர் இல்லை என்றிருந்தால் 49-51. இதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 28 அன்று, விவாதத்துக்கு எடுக்கும் ஓட்டிலும் ஆம் என்றார், 51-49. 2017-ல் வாசலிலேயே மறுத்தவர் 2025-ல் உள்ளே போய்ப் பேரம் பேசினார் என்பது இந்த இரண்டு முதல் ஓட்டுகளை ஒப்பிட்டாலே தெரிகிறது. என்னைக் கேட்டால் கடைசி ஓட்டைவிட இந்த நுழைவு ஓட்டுதான் கூடுதலாகச் சொல்கிறது.

சட்டத்தின் அளவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017-ன் தனிநபர் வரிக் குறைப்புகள் நிரந்தரமாயின. பட்ஜெட் அலுவலகக் கணக்குப்படி பத்து வருடத்தில் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் கூடும், மெடிக்கெய்டில் 90,000 கோடி டாலருக்கு மேல் குறையும், ஸ்னாப்பில் ஏறக்குறைய 18,700 கோடி டாலர் குறையும், 2034-ல் ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் இருப்பார்கள். அதே அலுவலகம் ஆகஸ்டில் வெளியிட்ட கணக்கில், வருமானத்தில் கடைசிப் பத்து சதவீதக் குடும்பங்களுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 டாலர் இழப்பு, மேல் பத்து சதவீதத்துக்கு 13,600 டாலர் லாபம். எதிர்ப்பக்கமும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: இந்த மசோதாவோ வேறொன்றோ நிறைவேறாமல் போயிருந்தால் 2026-ல் பெரும்பாலான குடும்பங்களின் வருமான வரி ஏறியிருக்கும். அதனால் இல்லை என்று ஓட்டுப் போட்டவர்களைக் காட்டி, இவர்கள் வரியை ஏற்றப் பார்த்தார்கள் என்று விளம்பரம் செய்வார்கள். வரியை மட்டும் தனியாக நீட்டித்திருக்க முடியும் என்பதை அந்த விளம்பரம் சொல்லாது.

முர்கோவ்ஸ்கி தன் ஓட்டுக்கு வாங்கியது என்ன? கிராமப்புற மருத்துவமனைகளுக்கான நிதி 2,500 கோடியிலிருந்து 5,000 கோடி டாலரானது. அலாஸ்காவின் திமிங்கிலவேட்டைத் தலைவர்களுக்கான வரிக் கழிவு 10,000 டாலரிலிருந்து 50,000 டாலரானது. எல்லாவற்றையும்விடப் பெரியது ஸ்னாப்பில் வாங்கிய விலக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் அவருடைய வரலாறு முழுவதுமே விளங்கிவிடும்.

ஸ்னாப்பில் உணவுக்கான தொகையை இதுவரை முழுக்க மத்திய அரசே கொடுத்தது. புதிய சட்டப்படி 2028 நிதியாண்டு முதல் மாநிலங்களும் ஒரு பங்கு தர வேண்டும், பங்கின் அளவு அந்த மாநிலத்தின் பிழை விகிதத்தைப் பொறுத்தது. பிழை 6 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஒன்றும் தர வேண்டாம், 6 முதல் 8 வரை என்றால் 5 சதவீதம், 8 முதல் 10 வரை என்றால் 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம். பிழை என்றால் மோசடி இல்லை. கூடக் கொடுத்தது, குறையக் கொடுத்தது இரண்டையும் சேர்த்த கணக்கு, பெரும்பாலும் அலுவலகத் தவறு அல்லது பயனாளி வருமான விவரம் தரத் தாமதித்தது. அலாஸ்காவின் பிழை விகிதம் 2023-ல் 60 சதவீதத்தைத் தாண்டியது, 2024-ல் 24.66 சதவீதம், அப்போது நாட்டின் சராசரி 10.93 சதவீதம். இதன் பின்னணி பரிதாபமானது. 2022 கடைசியிலிருந்து அந்த மாநில அலுவலகத்தில் விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் தேங்கி, மக்கள் மாதக்கணக்கில் சாப்பாட்டுப் பணத்துக்குக் காத்திருந்தார்கள், வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம்வரை போனது. அலாஸ்காவின் தொலைதூரக் கிராமங்களில் ஸ்னாப் அட்டையை வைத்து மீன்வலை, தூண்டில், கத்தி வாங்கலாம், துப்பாக்கியும் தோட்டாவும் கூடாது என்று தனி விதியே உண்டு. கடைக்கு விமானத்தில் சரக்கு வந்து இறங்கும் ஊர்களில் பிடித்துச் சாப்பிடுவதுதான் மலிவு. அப்படிப்பட்ட ஊரில் இந்த உதவி நாலு மாதம் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக முர்கோவ்ஸ்கியின் கவலை நியாயமானது, அலாஸ்கா 15 சதவீதம் கட்ட வேண்டிய நிலையில் இருந்தது. முதலில் அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் மட்டும் விலக்கு எழுதிப் பார்த்தார்கள், செனட் விதிகளில் அது சிக்கியது. கடைசியில் வந்த வடிவம் இது: 2025 அல்லது 2026 நிதியாண்டில் பிழை விகிதம் ஏறக்குறைய 13.34 சதவீதத்தைத் தொடும் எந்த மாநிலத்துக்கும் பங்கு கட்டுவது 2029 அல்லது 2030 வரை தள்ளிப்போகும். இதன் விளைவைப் பாருங்கள். 9 சதவீதப் பிழையோடு ஓரளவு ஒழுங்காக நடத்தும் ஒரு மாநிலம் வருடத்துக்கு 100 கோடி டாலர் ஸ்னாப் கொடுத்தால் 2028-லேயே 10 கோடி டாலரைத் தன் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அதைவிட மோசமாக நடத்தும் மாநிலத்துக்குக் கூடுதல் அவகாசம். வேலை நிபந்தனையிலும் இதே கதை: நாடு முழுக்க 64 வயது வரை நீட்டி, 2023-ல் கொடுத்த வீடற்றவர், படைவீரர் விலக்குகளையும் எடுத்துவிட்டார்கள், அலாஸ்காவும் ஹவாயும் முயற்சி செய்கிறோம் என்று காட்டினால் 2028 கடைசி வரை விலக்குக் கேட்கலாம்.

இதுவரை சொன்ன ஓட்டுகள் எல்லாம் பதிவில் இருப்பவை, செனட் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். இனி சொல்வது என் வாசிப்பு. முர்கோவ்ஸ்கி மாறிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. அவர் ஒரு நலத்திட்டத்தைப் பிறக்கும்போது எதிர்ப்பார், அது அலாஸ்காவில் வேர் பிடித்துவிட்டால் அங்கே அதை வெட்ட விடமாட்டார். ஒபாமாகேரில் 2009-லிருந்து 2017 வரை நடந்தது அதுதான். பிரீமியம் மானியத்திலும் அப்படியே: 2021-லும் 2022-லும் எதிர்த்தவர், அது முடியப்போகும் 2025 டிசம்பரில் மூன்று வருட நீட்டிப்புக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட நான்கு குடியரசுக் கட்சியினரில் ஒருவரானார். 51-48 வந்தும் 60 கிடைக்காமல் அது தோற்றது. 2025 ஜூலையில் அவர் போட்ட கோடு அலாஸ்காவின் எல்லையில் இருந்தது. எல்லைக்கு உள்ளே முடிந்தவரை பாதுகாத்தார், வெளியே உள்ள கோடிக்கணக்கானவர்களுக்கு வெட்டு விழ விட்டார். மசோதா தனக்குப் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே செய்தியாளர்களிடம் சொன்னார், காங்கிரஸின் இன்னொரு அவையான பிரதிநிதிகள் சபை அதைத் திருத்தும் என்று நம்புவதாகவும் சொன்னார். ஜூலை 3-ல் சபை ஒரு எழுத்தையும் மாற்றாமல் 218-214 என்று நிறைவேற்றியது. ஒரு சட்டம் கெட்டது என்று தெரிந்தும், தன் ஓட்டு இல்லாமல் அது நிற்காது என்று தெரிந்தும் ஆம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சொந்த மாநிலத்துக்குப் போராடுவது அவர் வேலை, மறுக்கவில்லை. ஆனால் அலாஸ்காவுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி தள்ளிவைப்பு மட்டும்தான். மெடிக்கெய்டின் மாதம் 80 மணி நேர வேலை நிபந்தனை அங்கும் வரும்.

சந்தேகத்துக்கு உரிய இடங்களும் உண்டு. அவர் மறுத்திருந்தால் மசோதா செத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தலைமை ராண்ட் பாலிடமும் பேசிக்கொண்டிருந்தது, அவர் பக்கம் போய் வெட்டுகளை இன்னும் கூட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. முர்கோவ்ஸ்கியை ஆதரிப்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள், அது வெறும் சாக்கு அல்ல. அப்புறம், ஓட்டுப் பட்டியலில் விழாத வேலை நிறைய. பழங்குடி மக்களுக்கான கூட்டாட்சி மருத்துவ சேவைக்கு நிதி ஒதுக்கும் துணைக்குழுவில் அவர் பல வருடம் மூத்த உறுப்பினர். பட்ஜெட் இழுபறியில் அந்த மருத்துவமனைகள் முடங்காமல் இருக்க ஒரு வருடம் முன்கூட்டியே நிதி ஒதுக்கும் முறை 2022 டிசம்பரில் வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. பட்டியலில் அது பெரிய செலவு மசோதாவுக்கு ஒரு ஆம் என்று மட்டும்தான் தெரியும். ஒருவர் மனதில் என்ன இருந்தது என்பதையும் எந்த ஓட்டும் சொல்லாது.

நீங்கள் உங்கள் மாநில செனட்டருக்கும் இதே மாதிரி பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நாற்பது ஐம்பது திருத்தங்களுக்கு விடிய விடிய ஓட்டுப் போடும் இரவு ஒன்று வரும், அவற்றை ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள், பெரும்பாலானவை விளம்பரத்துக்காக எழுதப்படுபவை. விவாதத்துக்கு எடுக்கும் ஓட்டையும் கடைசி ஓட்டையும் ஜோடியாக எடுங்கள். வித்தியாசம் ஒன்று இரண்டு ஓட்டாக இருந்ததா, ஜனாதிபதி கையெழுத்துப் போடுவாரா வீட்டோ செய்வாரா என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மசோதாவின் பெயரைவிட உள்ளே என்ன பிரிவுகள் இருந்தன என்பதற்குப் பட்ஜெட் அலுவலகத்தின் அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். முர்கோவ்ஸ்கி விஷயத்தில் அடுத்து கவனிக்க வேண்டியது, 2027 ஜனவரியில் மெடிக்கெய்ட் வேலை நிபந்தனை தொடங்கும் சமயம் அதைத் தள்ளிவைக்கும் மசோதா ஏதாவது வந்தால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துக் கேட்கிறாரா, அலாஸ்காவுக்கு மட்டும் கேட்கிறாரா என்பது. அவருடைய பதவிக்கு அடுத்த தேர்தல் 2028 நவம்பரில்.